கன்கால் துறைமுகத்தில் அப்பா அம்மாவோடு மதியச் சாப்பாடு: எந்தக் கடைக்குள் நுழைவது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஐஃபில் கோபுரம் ஏறியாயிற்று, பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையாரைக் கும்பிட்டாயிற்று. இப்போது அப்பாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். வெறுமனே பார்த்தால் போதாதாம். சின்ன மீன்பிடி ஊராக இருக்க வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார்.

பிரெத்தாஞ் (பிரிட்டனி) பக்கம் கன்கால் போகலாம் என்று நினைக்கிறேன். மோன்பர்னாஸ் நிலையத்தில் டிஜிவி அதிவேக ரயில் ஏறினால் இரண்டேகால், இரண்டரை மணி நேரத்தில் சான் மாலோ, அங்கிருந்து பஸ். அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அம்மா வெள்ளிக்கிழமை சைவம். அப்பாவுக்கு மீன் என்றால் உயிர், ஆனால் சர்க்கரை இருக்கிறது, வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்தது ஆபீஸ் பிரெஞ்சு. மீட்டிங்கில் சமாளித்துவிடுவேன், கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்கிய மெனுவைப் பார்த்தால் ஒன்றும் ஓடாது. துறைமுகத்தை ஒட்டி முழுக்கக் கடைகள்தான் என்று படித்தேன். அதில் எது ஊர்க்காரர்களின் பிஸ்ட்ரோ (சின்ன உணவகம்), எது டூரிஸ்டைப் பிடிக்கிற கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சந்தேகப்பிராணி:

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கடல் இலவசம். மூன்று பேருக்கு ரயில் டிக்கெட்டே ஒரு தொகை ஆகும், அதற்கு மேல் பிஸ்ட்ரோவில் உட்கார்ந்து உப்பில்லாத மீனும் வெண்ணெயும் சாப்பிட்டுவிட்டு, பாரிஸுக்குத் திரும்பி வந்து லாச்சப்பலில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடப் போகிறீர்கள். இதைச் செய்யாத தமிழ்க் குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

காரைக்கால் அம்மணி:

சந்தேகம், உங்கள் வீட்டுக் கதையை ஊர்க் கதையாக்காதீர்கள் :)

தம்பி, நான் ரென் நகரில் இருக்கிறேன். எங்களுக்குக் கன்கால் பக்கத்து ஊர் மாதிரி. இடத்தின் அமைப்பைச் சொல்கிறேன். ஊர் இரண்டு தட்டு. மேலே தேவாலயம், தபால் ஆபீஸ், ரொட்டிக்கடை உள்ள பழைய ஊர். கீழே லா ஊல் என்கிற துறைமுகம். கீழேதான் கடலைப் பார்த்தபடி வரிசையாக உணவகங்கள். அத்தனையும் டூரிஸ்ட் கடை என்று சொல்வது அநியாயம், நல்லவையும் உண்டு. ஆனால் வாசலில் ஒருவர் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டால், சாப்பாட்டின் போட்டோக்கள் வெயிலில் வெளுத்துத் தொங்கினால், நடையைக் கட்டுங்கள். துறைமுகத்துக்குப் பின்னால் சின்னச் சந்துகள் இருக்கின்றன. மேலே தேவாலயத்துப் பக்கமும் பாருங்கள். கடல் தெரியாத கடைக்குக் கடலை விற்கத் தெரியாது, சாப்பாட்டைத்தான் விற்றாக வேண்டும்.

பகல் பன்னிரண்டரைக்கு உள்ளே எட்டிப் பாருங்கள். பெயின்ட் படிந்த உடுப்போடு வேலையாட்கள், வங்கியில் வேலை பார்க்கிற இரண்டு பேர், தனியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒரு பெரியவர். இந்தக் கூட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். அவர்களெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் அங்கேயே சாப்பிடுகிறவர்கள். அவர்களை ஏமாற்றி அந்தக் கடை பிழைக்க முடியாது.

நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் வேறு எதுவும் பேசாதீர்கள். காலி மேசை இருக்கிறதே என்று நேராகப் போய் உட்காரவும் கூடாது. நின்று, எத்தனை பேர் என்று சொல்லி, அவர்கள் காட்டுகிற இடத்தில் உட்கார வேண்டும். நம் ஆட்களுக்கும் இங்குள்ள பரிமாறுகிறவர்களுக்கும் வருகிற மனத்தாங்கலில் பாதி இந்த முதல் அரை நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

குசினி ராசா:

தம்பி வெண்ணாற்றங்கரை, நான் பாரிஸில் ஒரு பிஸ்ட்ரோவின் குசினியில் (சமையலறையில்) நிற்கிறவன். பிளோஞ்சில் கோப்பை கழுவத் தொடங்கி, கொம்மி என்கிற உதவிச் சமையற்காரனாகி, இப்போது சூடான பக்கம் முழுக்க என் பொறுப்பு. இந்த நகரத்தில் குசினிக் கதவுகளைத் திறந்து பார்த்தால் பல இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் நிற்பார். பூர்கிஞ்ஞோன், கன்ஃபி போன்ற பிரெஞ்சு இறைச்சிச் சாப்பாடெல்லாம் வடிவாகச் செய்வார். ஆனால் முன்கதவால் போய்க் கதிரையில் இருந்து அதே சாப்பாட்டை ஓடர் பண்ணிச் சாப்பிட்டவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? எனக்கே பிள்ளைகள் வளர்ந்து கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அந்தக் கூச்சம் போனது. ஆகவே உங்கள் அப்பாவின் ஆசை எனக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது. அதைப் புளியோதரையோடு முடிக்க வேண்டாம்.

உள்ளே நிற்கிறவன் கண்ணால் சில விசயம் சொல்கிறேன்.

பலகை சின்னதாக இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு மூன்று நாலு, பிரதானத்துக்கு மூன்று நாலு, இனிப்பு மூன்று. குசினியில் இரண்டு மூன்று பேர்தான் நிற்பார்கள். அவர்களால் ஒரு நேரத்துக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் அறுபது சாப்பாடு இருந்தால் அது சமையல் இல்லை, ஆழ்குளிர்ப் பெட்டியும் மைக்ரோவேவும். பலகையில் ஒரு வரியை ஆரோ துணியால் அழித்திருக்கக் கண்டால் சந்தோசப்படுங்கள். முடிந்த சாப்பாட்டை முடிந்தது என்று சொல்கிற கடை அது.

"பிளா து ஜூர்" (அன்றைய சாப்பாடு) என்று தனியாக எழுதியிருப்பதை அநேகம் பேர் மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்கிற கடையும் உண்டு. ஆனால் ஊர்ச்சனம் வருகிற கடையில் அதுதான் அன்றைக்குக் காலையில் நல்ல விலைக்கு வந்த பொருள், அதுதான் குசினி முழுக்கக் கவனம் வைத்த சாப்பாடு. வெள்ளிக்கிழமை பெரும்பாலும் மீன்தான் இருக்கும். பழைய கத்தோலிக்க வழக்கம், பள்ளிக்கூடக் கன்ரீன்வரைக்கும் இன்னும் தொடர்கிறது. உங்கள் அம்மா சைவம் இருக்கிற அதே நாளில் ஊர் முழுக்க மீன் சாப்பிடும்.

இன்னொன்று. வாசலில் ஒரு சட்டிக்குக் கூரை போட்ட மாதிரி ஒரு சின்னம் பார்ப்பீர்கள், "ஃபே மேசோன்" என்று. 2014இல் வந்த சட்டம். அங்கேயே, பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது என்று அர்த்தம். நல்ல அடையாளம்தான், ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். உறைந்த மீன் துண்டை வாங்கிச் சமைத்தாலும் அந்தச் சின்னம் போடலாம், மீன் வேறு வகையில் பதப்படுத்தாததாக இருந்தால் சரி. உருளைக்கிழங்கை மட்டும் தாங்களே தோல் உரித்து வெட்ட வேண்டும். பையில் வருகிற உறைந்த ஃபிரீத்துக்கு (உருளைக்கிழங்கு வறுவலுக்கு) அந்தச் சின்னம் கிடையாது.

அப்பாவுக்கு மீன் தலை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரணமாகத் தட்டில் வருவது முள்ளெடுத்த துண்டுதான். தலையும் முள்ளும் உள்ளே சாறு காய்ச்சப் போய்விடும். சில நாள் அந்தத் தலையை வேலைக்காரர் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள்தான் தூள் போட்டு முடிப்போம்.

சந்தேகப்பிராணி:

ராசா அண்ணை சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். நோர்மாந்தி கடற்கரையில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். குடும்பத்தோடு போனோம். இரண்டு பத்துக்குக் கடைக்குள் நுழைகிறோம். உள்ளே நாலைந்து மேசையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலி மேசை எத்தனையோ இருக்கிறது. அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, குசினி மூடிவிட்டது என்று ஒரே வார்த்தை. சின்னப் பிள்ளை பசியில் அழுகிறான், ஒரு சூப்கூடக் கிடையாதாம். முகத்தைப் பார்த்துச் சொன்னது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை.

குசினி ராசா:

முகம் பார்க்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள், நானே கண்டிருக்கிறேன். ஆனால் இரண்டு பத்துக்கு நடந்தது கடிகாரம்.

உள்ளே அந்த நேரம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். காலையில் ஒன்பதுக்கு வந்து வெங்காயம் வெட்டத் தொடங்கியவன் அவன். பதினொன்று தாண்டி வேலைக்காரர் சாப்பாடு, நின்றபடி விழுங்குவது. பன்னிரண்டுக்குக் கதவு திறக்கும். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை மூச்சு விட நேரம் இருக்காது. ஒன்றே முக்காலுக்குக் கடைசி ஓடர். இரண்டுக்கு அடுப்பை அணைத்து, சூட்டுத் தட்டைச் சுரண்டி, மிச்சத்தை உறையால் மூடித் திகதி எழுதி, தரையில் தண்ணீர் அடித்துத் தள்ளியாயிற்று. நீங்கள் கண்ட நாலைந்து மேசை ஒரு மணிக்கு வந்து இப்போது கோப்பி குடிக்கிற ஆட்கள்.

அதன் பிறகு கூப்பூர். மூன்றிலிருந்து ஆறு மணி வரை சம்பளம் இல்லாத இடைவெளி. வீடு புறநகரில் என்றால் போய்வர நேரம் காணாது. எத்தனையோ பேர் அந்த மூன்று மணித்தியாலத்தைப் பூங்கா வாங்கிலிலும் மெத்ரோவிலும் கழிக்கிறார்கள். ஆறுக்குத் திரும்ப உடுப்பு மாற்றி இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை. இரண்டு பத்துக்கு வருகிற ஒரு மேசைக்காக அடுப்பை மூட்டினால் அந்த இடைவெளியில் முக்கால் மணித்தியாலம் போகும். அந்தப் பெண் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம், அது உண்மை. பிள்ளைக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

இனிமேல் இரண்டு மணிக்கு மேல் பசித்தால் "செர்வீஸ் நொன் ஸ்தொப்" (இடைவிடாத சேவை) என்று எழுதிய பிராசறி உணவகத்துக்குப் போங்கள், அல்லது தோசை மாதிரி கிரேப் சுடுகிற கடைக்கு. ஊர் பிஸ்ட்ரோவைத் தேடாதீர்கள்.

சந்தேகப்பிராணி:

கூப்பூருக்குச் சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. சரி அண்ணை. ஆனால் ரொட்டி கொடுக்காததை மன்னிக்கவில்லை.

நாகை நெய்தல்:

இவ்வளவு நேரம் கன்கால் என்று பேசிவிட்டு ஒருவர்கூடச் சிப்பியை (ஆய்ஸ்டர்) பற்றிப் பேசவில்லை! நான் பிரெஸ்தில் கடலியல் படிக்கிறேன், வீடு நாகப்பட்டினம், மீன்பிடிக் குடும்பம். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்கால் மோன் சான் மிஷேல் வளைகுடாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றம் உள்ள இடங்களில் ஒன்று. பெரிய வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே பதின்மூன்று, பதினான்கு மீட்டர் வித்தியாசம் வரும். நம் கடற்கரையில் ஒரு மீட்டருக்கே எவ்வளவு பேசுவோம்! வற்றத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்கிவிடும். அப்போது சேற்றுத் தரையில் வரிசை வரிசையாக இரும்பு மேசைகள் வெளியே தெரியும். அந்த மேசைகள்மேல் வலைப் பைகள், பைக்குள் சிப்பி. டிராக்டரை ஓட்டிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். பையைத் திருப்பிப் போட்டு, உலுக்கி, பாசியைத் தட்டிவிட்டு, தண்ணீர் திரும்புவதற்குள் கரை ஏறிவிடுவார்கள். விற்கிற அளவுக்கு வளர ஏறக்குறைய மூன்று வருடம்.

ஆகவே அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். குணகம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், 20 முதல் 120 வரை. எண் பெரிதானால் ஏற்றவற்றம் பெரிது. செப்டம்பர் கடைசியில் இரவும் பகலும் சமமாகிற சமராத்திரியை ஒட்டி எண் நன்றாக ஏறும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ வற்றம் அமைந்தால் அப்பா அந்த டிராக்டர்களைப் பார்ப்பார். தண்ணீர் நிறைந்திருக்கும்போது போனால் அங்கே சிப்பி வளர்கிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டார்.

வகை இரண்டு. இப்போது எங்கும் கிடைக்கிற குழிச் சிப்பி உண்மையில் ஜப்பான் இனம். பிரெத்தாஞ்சின் பூர்வீகம் தட்டைச் சிப்பி. 1970களில் ஒட்டுண்ணி நோய்கள் அடுத்தடுத்து வந்து அதைக் கிட்டத்தட்ட துடைத்துவிட்டன. குழிச் சிப்பியின் போர்த்துக்கீச இனமும் அதே காலத்தில் ஒரு வைரஸால் போயிற்று. அதனால்தான் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தார்கள். கன்காலில் தட்டையும் கொஞ்சம் வளர்க்கிறார்கள். விலை அதிகம், வாயில் உலோகச் சுவை போல ஒன்று நிற்கும்.

குழிச் சிப்பிக்கு எண் உண்டு. எண் சிறிதானால் சிப்பி பெரிது. மூன்றாம் எண் என்றால் ஒன்று 66 முதல் 85 கிராம். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் நாலாம் அல்லது ஐந்தாம் எண் கேளுங்கள், சின்னதாக இருக்கும். திறந்ததும் முதலில் இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சற்று நேரத்தில் அதுவாகவே மறுபடி நீர் விடும், அதுதான் சுவை. மென்று சாப்பிட வேண்டும், அப்படியே விழுங்கிவிட்டால் காசு கொடுத்துக் கடல் தண்ணீர் குடித்த கணக்கு.

ஆனால் இதெல்லாம் பிஸ்ட்ரோவில் வேண்டாம். லா ஊல் துறைமுகத்தின் கோடியில் சிப்பிச் சந்தை இருக்கிறது. வளர்க்கிறவர்களே விற்கிறார்கள். திறந்து எலுமிச்சையோடு தட்டில் வைத்துத் தருவார்கள். மதில்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கீழே கரையில் எறிய வேண்டியதுதான். அங்கே குவிந்து கிடக்கிற ஓடுகளைப் பார்த்தாலே எத்தனை பேர் எறிந்திருக்கிறார்கள் என்று தெரியும். உணவக விலையைவிட நன்றாகவே மலிவு.

மேலே தேவாலயத்துக்கு முன்னால் சிப்பி கழுவுகிற பெண்களின் சிலை வைத்த நீரூற்று ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆண்கள் மாதக்கணக்கில் நியூபவுண்ட்லாந்துப் பக்கம் காட் மீன் பிடிக்கப் போய்விட, ஊரையும் சிப்பியையும் நடத்தியது பெண்கள். எங்கள் ஊர் ஏலத்தில் கூடையோடு நிற்கிற ஆத்தாக்களை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு மணி நேரத்தில் சந்தையைக் கைப்பற்றிவிடுவார்கள்.

வெண்ணாற்றங்கரை:

நெய்தல், அருமை. ஆனால் அப்பா பச்சையாகச் சாப்பிடலாமா? அவர் சாப்பிடுவேன் என்றுதான் அடம்பிடிப்பார்.

நாகை நெய்தல்:

சாப்பிடக் கூடாது. இதில் நான் விளையாட மாட்டேன். வயதானவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் இங்குள்ள சுகாதாரத் துறையினரே சொல்கிறார்கள். சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். விப்ரியோ பாக்டீரியா, நோரோ வைரஸ் எல்லாம் சிப்பியில் வரக்கூடியவை. 2023 டிசம்பர் கடைசியில், சரியாகப் பண்டிகை நேரத்தில், நோரோ வைரஸால் ஆர்க்காஷோன் விரிகுடாச் சிப்பி விற்பனையையே நிறுத்தினார்கள். சந்தையில் விற்பது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதுதான், எனக்கு அதில் பயம் இல்லை. ஆனால் எழுபது தாண்டிய சர்க்கரைக்காரருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீங்கள் அரை டஜன் சாப்பிடுங்கள், அவர் வேடிக்கை பார்க்கட்டும்.

குசினி ராசா:

அப்பாவுக்கு மூல், அதாவது மட்டி, வாங்கிக் கொடுங்கள். ஆவியில் வெந்தது, பயமில்லை. இப்போது பருவம். ஆடியில் தொடங்கினால் தை மாதம் வரை போகும். அந்த வளைகுடாவில் கடலுக்குள் நட்ட மரக் கம்பங்களில் வளர்க்கிறார்கள், பூஷோ என்று சொல்வது. கம்பத்தில் தொங்குவதால் மணல் கடிபடாது. சின்னது, உள்ளே செம்மஞ்சள் நிறம், நல்ல இனிப்பு. மோன் சான் மிஷேல் வளைகுடா மூலுக்கு 2011இலிருந்து ஐரோப்பாவின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. பலகையில் அந்த வளைகுடாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "மூல் ஃபிரீத்" என்றால் எங்கிருந்தும் வந்திருக்கலாம்.

செய்முறை ஒன்றுமில்லை. சின்ன வெங்காயம், வெண்ணெய், வெள்ளை வைன், பார்ஸ்லி. பெரிய நெருப்பில் மூடிவைத்தால் நாலைந்து நிமிடத்தில் வாய் திறக்கும். கறுப்புச் சட்டியோடு மேசைக்கு வரும். முதலாவதை முள்ளுக்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அந்த வெறும் ஓட்டையே இடுக்கி மாதிரிப் பிடித்து மற்றதையெல்லாம் இழுத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். திறக்காததைத் தொட வேண்டாம். அடியில் நிற்கிற சாற்றுக்கு ரொட்டி தோய்க்க வேண்டும். அப்பா அதை விடவே மாட்டார், இது என் உத்தரவாதம். வைன் வேண்டாம் என்றால் சீட்ரில் (ஆப்பிள் மதுவில்) செய்கிற கடையும் உண்டு, ஆனால் அதிலும் மது இருக்கிறது. கிறேம் போட்டதுக்குள்ளும் அநேகமாக வைன் போயிருக்கும். ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி:

அம்மா? வெள்ளிக்கிழமை? லீவை வியாழனுக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீருமே.

வெண்ணாற்றங்கரை:

வியாழன் ராகவேந்திரர். சனி பெருமாள். புரட்டாசி வேறு பிறக்கப் போகிறது. அம்மா மீன் சாப்பிடுவது திங்களும் செவ்வாயும். அந்த இரண்டு நாளும் பாதிக் கடை மூடியிருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள்.

காரைக்கால் அம்மணி:

ஹா ஹா. எங்கள் வீட்டில் ஆயா இருந்தவரை இதே கணக்குதான். பிரெத்தாஞ்சில் அம்மாவுக்குக் கவலையே வேண்டாம், கலெத் இருக்கிறது. பாப்பரை மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். நம் முறுகல் தோசைக்கு அண்ணன் தம்பி உறவு. நடுவில் பாலாடைக்கட்டி, காளான், கீரை வைத்து நாலு பக்கமும் மடித்துத் தருவார்கள். "கொம்ப்ளேத்" கேட்டுவிடாதீர்கள், அதில் பன்றித் தொடைக்கறியும் முட்டையும் வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய முறைக்காரர்கள் அந்தக் கல்லைப் பன்றிக் கொழுப்பால் துடைப்பார்கள். இப்போது பெரும்பாலும் வெண்ணெய் அல்லது எண்ணெய்தான், ஆனால் கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எல்லா பிஸ்ட்ரோவிலும் கலெத் இருக்காது, அது கிரேப் கடைக்காரர்களின் தனித் தொழில். இரண்டும் செய்கிற கடையைப் பார்த்து உட்காருங்கள். இல்லையென்றால் சூடான ஆட்டுப்பால் கட்டி வைத்த சாலட். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எந்தச் சாற்றில் செய்தது என்று கேளுங்கள்.

அப்புறம் இந்த "உப்பில்லாத மீன்" புலம்பலுக்கு ஒரு பதில். பிரெத்தாஞ்சுக்கு நம் மசாலா புதிதல்ல. லோரியான் ஊரே 1666இல் பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்காகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கலந்த கறித்தூள் "காரி கோஸ்". இன்றைக்கும் அந்தப் பக்கத்துச் சில மருந்துக்கடைகளில் வாங்கலாம். கடல் நண்டுக்கும் மீனுக்கும் போடுவார்கள். கன்காலிலேயே ஒலிவியே ரோலாஞ்ஜே என்கிற சமையற்காரர் மசாலாக்களை வைத்தே 2006இல் மூன்று மிஷ்லன் நட்சத்திரம் வாங்கி, 2008இல் அதைத் திருப்பிக் கொடுத்தவர். அவருடைய மசாலாக் கடைக்குள் ஒரு எட்டுப் போய்வாருங்கள், அம்மாவுக்கு மிளகு வாசனையில் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

பலகையில் "வதுவான்" என்று எழுதிய சாஸைப் பார்த்தாலும் தயங்காதீர்கள். புதுச்சேரி, காரைக்கால் வீடுகளில் வெயிலில் காயவைத்து உருட்டுகிற தாளிப்பு வடகம் கப்பலேறிப் போன வடிவம் அது. வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் எல்லாம் இருக்கும். விளக்கெண்ணெய் மட்டும் இருக்காது.

பஸ் ஏறுகிற சான் மாலோ யார் ஊர் தெரியுமா? 1746இல் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊர்.

சந்தேகப்பிராணி:

கோட்டையைப் பிடித்தவன் ஊரில் ஒரு மேசையைப் பிடிக்க இவ்வளவு ஆலோசனை.

அது இருக்கட்டும், பில் பற்றி ஒருவரும் பேசவில்லையே. டிப்ஸ் எத்தனை சதவீதம்?

குசினி ராசா:

ஒன்றும் இல்லை. விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம், சட்டப்படி. பில்லில் "செர்வீஸ் கொம்ப்ரி" என்று இருக்கும். சந்தோசமாக இருந்தால் இரண்டு மூன்று யூரோ சில்லறையை மேசையில் வைத்துவிட்டு எழும்பலாம். அமெரிக்காவிலிருந்து வருகிற உறவினர் இருபது சதவீதம் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். நோட்டாக வைத்தால் அது குசினிக்கு வந்து சேருமா என்பது கடையைப் பொறுத்தது. எங்களுக்கு அநேகம் வராது.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் போத்தலில் வரும். சாப்பிட இருக்கிறவருக்கு ரொட்டியும் தண்ணீரும் விலைக்குள் அடக்கம், 1967இலிருந்தே விதி. வெறும் "தண்ணீர்" என்று சொன்னால் மினரல் போத்தலைத் திறந்து வைத்துவிடுவார்கள். திறந்தால் உங்கள் கணக்கு.

மதியத்தில் "ஃபோர்முல்" எடுங்கள். தொடக்கமும் பிரதானமும், அல்லது பிரதானமும் இனிப்பும், ஒரே விலை. ஊர் பிஸ்ட்ரோவில் இருபது யூரோவைச் சுற்றி இருக்கும். அதே சாப்பாட்டை இரவில் தனித்தனியாக எடுத்தால் ஏறிவிடும். எங்கள் பழக்கப்படி மூன்று பேருக்கு இரண்டு தட்டு எடுத்துப் பங்குபோடுவது மதிய நெருக்கடியில் வேண்டாம். தொடக்கத்தையும் இனிப்பையும் பங்குபோடலாம், பிரதானம் ஆளுக்கு ஒன்று. அம்மாவின் கைப்பையில் ஊறுகாய் இருக்கும், எனக்குத் தெரியும். மேசையில் திறந்தால் ஒருவரும் பொலிசைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் சமைத்தவன் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் நாலு வாய் அவன் செய்தபடி சாப்பிட்டுவிட்டுப் பிறகு திறக்கச் சொல்லுங்கள்.

நாகை நெய்தல்:

சர்க்கரைக்காரரிடம் க்வின் அமான் என்கிற பிரெத்தாஞ் இனிப்பைக் காட்டாதீர்கள். மாவைவிட வெண்ணெயும் சர்க்கரையும்தான் அதிகமோ என்று தோன்றும். நீங்கள் மறைவாகச் சாப்பிடுங்கள்.

நான் இன்னமும் மதில் கட்சிதான். கடைக்குள் உட்கார்ந்தால் பாதி நேரம் நாகரிகம் பார்ப்பதிலேயே போய்விடும்.

காரைக்கால் அம்மணி:

அவருக்குக் கடல் காற்று மட்டும் வேண்டாம் நெய்தல், ஊர்க்காரர்களோடு உட்கார வேண்டும். மதிலில் உட்கார்ந்திருப்பது முக்கால்வாசி பாரிஸ்காரர்களும் நம்மைப் போன்றவர்களும். பதினொன்றரைக்கு மதில், பன்னிரண்டரைக்கு மேசை. சண்டை முடிந்தது.

வெண்ணாற்றங்கரை:

சரி, முடிவு: வெள்ளிக்கிழமை. மேல் ஊரில், கலெத்தும் மூலும் இரண்டும் உள்ள கடை ஒன்றை வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். சும்மா போய் நின்றால் இடம் கிடைக்குமா, போன் செய்ய வேண்டுமா? செய்தால் என்ன சொல்வது?

காரைக்கால் அம்மணி:

போன் செய்யுங்கள், மதியம் மூன்று மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். "போன்ஜூர், ஜ வூத்ரே ரெசெர்வே யூன் தாப்ல் பூர் த்ருவா, வான்ட்ரெதி மிதி." மூன்று பேருக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மேசை வேண்டும் என்று அர்த்தம். பெயர் கேட்பார்கள். முழுப் பெயரைச் சொல்லி எழுத்துக்கூட்டி அழாதீர்கள், இரண்டெழுத்தில் ஏதாவது சொல்லுங்கள். நாங்கள் "ரவி" என்று சொல்வோம், எங்கள் வீட்டில் ரவி என்று ஒருவரும் இல்லை.

சந்தேகப்பிராணி:

நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஞாயிறே போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஒரு மணிக்குப் போய்ச் சேருவோம். ஆறு பேர்.

குசினி ராசா:

ஞாயிறு மதியமா? ஒரு மணிக்கா? ஆறு பேரா? போன வெள்ளியே போன் செய்திருக்க வேண்டும். புளியோதரையும் கட்டிக்கொண்டு போங்கள்.